முக்கூர்த்திப் புல்வெளியும் காவிரிக் கடைமடையும்

பூம்புகாரில் காவிரி சமுத்திரத்தோடு சங்கமமாகும் இடத்தில் அதன் மெலிந்த பிரவாகத்தைக் காண்பவர்களுக்கு, முக்கொம்பிலும் கல்லணையிலும் பிரிந்து போனதுபோக மிஞ்சிய நீரே இங்கு வந்து சேர்கிறது என்பது தெரியும். ஆனால் காவிரிக்கு வரும் நீரில் ஒரு பங்கு தலைக்காவிரியில் அன்றி நீலகிரியின் உச்சியில் உற்பத்தியாவதைக் கடைமடைக்காரர் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்திச் சிகரத்துச் சரிவில் தோன்றும் பைக்காரா, மலையிறங்கி மாயாறு என்னும் நாமம் பூண்டு, பவானிசாகரில் பவானியோடு கலந்து, மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியை அடைகிறது. மேட்டூர் நீர்மட்டத்தை மட்டுமே தினந்தோறும் பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கு இந்தக் கிளை ஞாபகத்தில் நிற்பதில்லை.

முக்கூர்த்தி மலையின் அமைப்பே விசித்திரமானது. மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலை. மற்ற மேடெல்லாம் வெறும் புல். மார்கழி, தை இரவுகளில் விழும் உறைபனி திறந்த சரிவுகளில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதால், காற்றுக்கும் பனிக்கும் ஒதுங்கிய பள்ளங்களிலேயே மரங்கள் நிலைக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் முக்கியமானது. பாசி போர்த்த குட்டை மரங்களுக்கு இடையே கருமந்தியும், புல்வெளியை ஒட்டிய செங்குத்துப் பாறைகளில் நம் மாநில விலங்காகிய வரையாடும் வாழ்கின்றன. செந்நிற மலர் சொரியும் காட்டுப்பூவரசு, கடுங்குளிரைப் பொருட்படுத்தாமல் புல்லின் நடுவிலேயே தனித்து நிற்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்குமலைச் சரிவுகளில் பூக்கும் நீலக்குறிஞ்சியும் இத்தகைய புல்வெளிக்கு உரியதே. முக்கூர்த்தியை மறுவுலகத்தின் வாயிலாகக் கருதும் தோதவர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்ததும் நீலகிரியின் புல்லைத்தான்.

மழைநீரையும் மேகத்தின் ஈரத்தையும் புல்லின் வேர்களும் சதுப்புப் பள்ளங்களின் கரிய மண்ணும் வாங்கி வைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடுவதால்தான் கோடையிலும் ஓடைகள் ஓடுகின்றன. மரமில்லாத நிலம் பாழ்நிலம் என்று கருதிய ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் கற்பூர மரத்தையும் கொணர்ந்து நட்டனர். சுதந்திரத்துக்குப் பின் வந்த நம்மவரும், தோல் பதனிடவும் மரக்கூழ் காய்ச்சவும் வேண்டி, அந்த அபிப்பிராயத்தையே அனுசரித்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் சதுப்பு மண்ணில் படிந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், இப்புல்வெளி இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்று கண்டனர். மனிதன் காட்டை அழித்ததால் உண்டான வெளி அன்று அது.

இப்போது வனத்துறை சீகையை அகற்றிப் பழைய புல்லினங்களை நட்டு வருகிறது. ஆனால் மண்ணில் பல்லாண்டு உறங்கும் சீகை விதைகள் மேலே வெயில் பட்டதும் முளைத்தெழுகின்றன. நம் வயல்களில் கோரையைப் போல, ஒருமுறை களைந்தால் ஒழிவதில்லை. புல் மூடும்வரை, ஆண்டுதோறும் ஆட்கள் அங்கு ஏறிக் கன்றுகளைப் பிடுங்க வேண்டியிருக்கிறது.