ஒரு சென்ட் காசுக்கு ஆயிரம் டாலர்!

அமெரிக்க நாணயங்களில் மிகச் சிறிய மதிப்புள்ளது ஒரு சென்ட். அடக்கச் செலவுகூடக் கட்டவில்லை என்று, புழக்கத்துக்காக அதை அடிப்பதையே 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காசில் ஒரு ரகத்துக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல் விலை! அதில் தங்கமா, வெள்ளியா? இரண்டும் இல்லை. இருப்பது ஒரு பிழை.

1955-ம் ஆண்டு. பிலடெல்பியா நாணயச் சாலையில் ஓர் இரவு, லிங்கன் தலை போட்ட செப்புக் காசுகளை யந்திரங்கள் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு யந்திரத்தில் மாட்டியிருந்த அச்சில் பிறவிக் கோளாறு. அதிலிருந்து விழுந்த காசுகளில் ஆண்டும் வாசகங்களும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. விஷயம் தெரிவதற்குள் சுமார் 40,000 காசுகள் அடித்தாகிவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. உட்கார்ந்து பொறுக்குவது யார்? போகட்டும் என்று விட்டுவிட்டார்களாம்!

அவை வெளிவந்த வழியும் வேடிக்கைதான். சிகரெட் பெட்டி 23 சென்ட். அதை விற்கும் தானியங்கி யந்திரம் விழுங்குவதோ 25 சென்ட். ஆகவே, மீதி இரண்டு சென்டைப் பெட்டியின் கண்ணாடிக் காகித உறைக்குள்ளேயே செருகி வைப்பது அந்நாளைய வழக்கம். இப்படிப் பல காசுகள் புகை பிடிப்பவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கவனிக்காமல் செலவழித்தவர்கள் எத்தனை பேரோ!

தாய் அச்சு

காசை அடிக்கும் எஃகு அச்சுக்கும் ஒரு தாய் அச்சு உண்டு. அதை எஃகுத் துண்டின்மேல் பெரும் பளுவோடு அழுத்தினால் உருவம் பதியும். அந்த நாளில் ஒரே அழுத்தில் முழுவதும் பதியாது. எஃகைக் காய்ச்சி இளக்கி, மறுபடியும் அழுத்துவார்கள். இரண்டாம் தடவை தாய் அச்சு இம்மியளவு திரும்பி உட்கார்ந்தால் போதும். முதல் எழுத்துக்குப் பக்கத்திலேயே இன்னோர் எழுத்து விழுந்துவிடும். 1955-ல் நடந்தது இதுதான்.

ஏமாந்துவிடாதீர்கள்!

அதே ஆண்டுக் காசுகள் வேறு சிலவற்றில் கடைசி 5 மட்டும் இரட்டித்தாற்போல் இருக்கும். "ஏழையின் இரட்டை அச்சு" என்று அதற்குக் கேலிப் பெயர். விலை அற்பம். இது பிறவிக் கோளாறல்ல; மூப்பு! பல லட்சம் தடவை அடித்த அச்சு தேயத்தானே செய்யும்? ஒவ்வோர் அடியிலும் காசின் உலோகம் விளிம்பை நோக்கி ஓடுகிறது. நாளடைவில் அச்சிலுள்ள எழுத்தின் ஓரங்களை அது அரித்துவிடுகிறது. இதை அசல் என்று நம்பிப் பணத்தைக் கொட்டினால் போனது போனதுதான்.

ஒரு நல்ல பூதக்கண்ணாடி இருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அசலில் இரண்டு எழுத்துகளும் உருண்டு, மேடாக, தனித்தனியே நிற்கும். எழுத்தின் முனைகளில் பிளவு தெளிவாகத் தெரியும். தேய்ந்த அச்சின் காசில் எழுத்து ஊதிக் குழம்பியிருக்கும். பக்கத்தில் விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகள் ஓடும். இன்னொரு போலித் தோற்றமும் உண்டு. யந்திரத்தில் அச்சு தளர்ந்திருந்தால், அடித்த கையோடு அது நழுவி எழுத்தின் ஓரத்தை நசுக்கும். அங்கே தட்டையாக ஒரு படி விழுந்திருக்கும், எழுத்து மெலிந்துவிடும். அதற்கும் மதிப்பில்லை.

1990-களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தில் அச்சுத் தயாரிக்கும் முறை அமெரிக்காவில் வந்தது. இரட்டிப்பு அப்படியும் அடியோடு ஒழியவில்லை. ஆனால் அது பெரும்பாலும் காசின் நடுப்பகுதியில், கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில்தான் வருகிறது.