சுவருக்குள் போகும் சுருதி

பாட்டு கேட்பதற்கென்றே தனி அறை கட்டுபவர்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஒயரிங் என்றதும் கை சுருங்குகிறது. இதில் கோட்டை விட்டால் உயிருக்கும் ஆபத்து.

சுவரில் உளியால் வெட்டிய பள்ளங்கள். அவற்றில் செருகிய பி.வி.சி. பைப்புகள். இரண்டு நாளில் கொத்தனார் வந்து பூசிவிடுவார். பிறகு எதை மாற்ற நினைத்தாலும் சுவரை உடைத்தாக வேண்டும். 1990இல் டெக்னோபார்க் வந்தபின் வளர்ந்த திருவனந்தபுரத்தின் வடபகுதியான கழக்கூட்டத்தில் இது சாதாரணக் காட்சி. ஜனவரி பிறந்தால் குதிரமாளிகையில் சுவாதி சங்கீதோற்சவம் நடக்கும் ஊர் இது. அந்தக் கச்சேரி சுகத்தை வீட்டு அறை ஒன்றிலும் அனுபவிக்க நினைப்பவர், கொத்தனார் வருவதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும்.

வழக்கமான ஒயரிங்கில் அறையின் விளக்கு, மின்விசிறி, பிளக் பாயிண்ட் எல்லாம் ஒரே சர்க்யூட்டில் தொங்கும். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், வேகத்தைக் குறைக்க மின் அலையை நொடிக்கு 100 முறை கத்தரிக்கிறது. அந்த வெட்டுக் காயம் அதே ஒயர் வழியே ஆம்ப்ளிஃபயருக்கும் போகிறது. கர்ரென்ற இரைச்சல் வந்ததும் பழி ஆம்ப்ளிஃபயர் மீது விழுகிறது.

பரிகாரம் எளிது. மெயின் போர்டிலிருந்து இசைக் கருவிகளுக்கு மட்டும் தனி எம்.சி.பி., தனி ஒயர். மும்முனை இணைப்புள்ள வீடானால் எல்லாக் கருவிகளும் ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும். தண்ணீர் மோட்டாரும் ஃபிரிட்ஜும் வேறு ஃபேஸுக்குப் போகட்டும்.

ஒயர் எவ்வளவு தடிமன்? இதில் ரகசியம் எதுவும் இல்லை, கணக்குத்தான். போர்டிலிருந்து அறை 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர் செம்பு. 10 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் சுமார் 4.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 2.5 என்றால் 2.8 வோல்ட். 4 என்றால் 1.75 வோல்ட்தான். 230 வோல்ட்டில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. எனவே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளம். அதற்கு மேல் செலவழிப்பது மனத் திருப்திக்கு.

மனத் திருப்திக்கு எல்லை ஏது? டோக்கியோவில் 82 வயது வழக்கறிஞர் ஒருவர் தன் ஆடியோவுக்காக வீட்டு வளாகத்தில் சொந்தமாக மின்கம்பமே நட்டுக்கொண்டதை 2016இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. செலவு சுமார் 10,000 டாலர். இங்கே சிலர் சுவரிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரைக்குமான கடைசி ஒன்றரை மீட்டருக்கு இறக்குமதிக் கேபிள் தேடுகிறார்கள். கேரளத்தின் 780 மெகாவாட் இடுக்கி நிலையத்திலிருந்து மலை, காடு, வயல் கடந்து அலுமினியக் கம்பியில் வந்த மின்சாரம் அந்தக் கடைசி ஒன்றரை மீட்டரில் புனிதமடைந்துவிடும் என்ற நம்பிக்கை ஆச்சரியமானதுதான். பிளக் பாயிண்டில் ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தால் எந்தக் கேபிளாலும் பயனில்லை. கழக்கூட்டத்துக்குக் கடற்கரை சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். எனவே நல்ல 16 ஆம்பியர் சாக்கெட்டுகளும், இறுக்கிய இணைப்புகளும்தான் காசுக்கு உரிய இடம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் பெரும்பாலும் அதிலோ, அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலோ இருக்கும். 5 கட்டைச் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஸட்ஜம் 98 ஹெர்ட்ஸ். அதாவது 5 கட்டையில் பாடும் பாடகிக்குப் பின்னால், சற்றே சுருதி ஏறிய ஒரு தம்புரா ஓயாமல் மீட்டிக்கொண்டிருக்கிறது. சங்கீதக் காதுக்கு இதைவிடச் சித்திரவதை வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் எர்த் வளையம். ஆம்ப்ளிஃபயர் ஒரு மூலையிலும் டி.வி. இன்னொரு மூலையிலும் தனித்தனி இடங்களில் எர்த் ஆகியிருக்கும். இரண்டையும் இணைக்கும் ஆடியோ ஒயர் அந்த வட்டத்தை மூடிவிடும். வெளியிலிருந்து வரும் கேபிள் டி.வி. ஒயரும் இதே வேலையைச் செய்யும். அதைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் குற்றவாளி அதுதான்.

அரைகுறை ஆலோசகர்கள் இங்கேதான் நுழைகிறார்கள். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடு என்பார்கள். கழற்றினால் ரீங்காரம் நிஜமாகவே நின்றுவிடும். ஆபத்தும் அதுதான், மருந்து பலித்துவிட்டதே என்று யாரும் மறுபடி மாட்டுவதில்லை. உள்ளே ஒரு காப்பு உருகி ஃபேஸ் ஒயர் உலோகப் பெட்டியைத் தொட்டால், மின்சாரம் தரைக்குப் போகும் ஒரே வழி வால்யூம் குமிழைத் தொடும் கை. இசை உலகம் இதற்கு விலை கொடுத்திருக்கிறது. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டிலேயே கிதார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி மாண்டார்.

இன்னொரு யோசனையும் சுற்றுகிறது: ஆடியோவுக்கு மட்டும் தோட்டத்தில் 'சுத்தமான' தனி எர்த் குழி. கேட்க நன்றாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷக் காலத்திலும் இடி மின்னல் அதிகமான கேரளத்தில் இது வினையை விலைக்கு வாங்குவது. அருகே மின்னல் விழும்போது, இணைக்கப்படாத இரண்டு எர்த்துகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும். அது பாய வழி தேடும்போது நடுவில் நிற்பது ஆடியோ பெட்டிதான். கூடுதல் குழி வெட்டலாம். ஆனால் வீட்டின் பிரதான எர்த்துடன் கனமான கம்பியால் இணைத்தாக வேண்டும். வெட்டுக்கல் நிலத்தில் கோடையில் ஈரம் வற்றி எர்த் பலவீனப்படும் என்பதால் அளந்து பார்ப்பதும், குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவசியம்.

ரீங்காரத்துக்கு முறையான வைத்தியம் வேறு. டி.வி. உட்பட எல்லாச் சாக்கெட்டுகளையும் ஒரே சுவரில், ஒரே இடத்தில் கூட்டமாக அமைத்தால் வளையத்துக்கே இடமில்லை. மீறி வந்தால், டி.வி. கேபிளிலோ ஆடியோ ஒயரிலோ சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டலாம். எர்த் பின் அதன் இடத்திலேயே இருக்கும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சாதனமும் இருக்க வேண்டும். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது அதனினும் மேல்.

ஸ்பீக்கர் ஒயருக்குத் தனிப் பைப் விட மறக்கக் கூடாது. மின் ஒயருடன் ஒரே பைப்பில் நுழைக்கவே கூடாது, குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். வேலை உரிமம் பெற்ற வயர்மேன் கையில் இருக்க வேண்டும். கொத்தனார் கலவை குழைக்கத் தொடங்குமுன், பக்கத்தில் அளவு நாடாவை விரித்து வைத்து நான்கு சுவரையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு ஆணி அடிப்பவருக்கு அந்தப் படம் தேவைப்படும்.