வால்வு அம்பிளிஃபயர் வாங்குமுன் ஒரு கணக்கு

கீரிமலைக் கேணிக்குக் கிட்ட என் வாடிக்கையாளர் ஒருவரின் வீடு இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர். யுத்தத்தால் இடம்பெயர்ந்து, பல வருடங்களின் பின் ஊர் திரும்பி வீடு கட்டியவர். இசைத்தட்டுகளில் தீராத பிரியம்.

"நானா, மகன் காசு அனுப்பியிருக்கிறான். 300பி வால்வு போட்ட அம்பிளிஃபயர் ஒண்டு எடுத்துத் தாங்கோ" என்றார்.

கேட்டதைக் கொடுத்திருந்தால் எனக்கு நல்ல இலாபம். ஆனால் அவருடைய ஸ்பீக்கரின் பின்புறத்தைப் பார்த்த பிறகு ஓடர் எடுக்க மனம் வரவில்லை. '86 டெசிபல்' என்று போட்டிருந்தது. இந்த எண்ணைப் பார்க்காமல் அம்பிளிஃபயர் வாங்குவது, காலை அளக்காமல் சப்பாத்து வாங்குவது போன்றது.

86 டெசிபல் என்றால், 1 வொட் கொடுக்கும்போது 1 மீட்டர் தூரத்தில் அந்த ஸ்பீக்கர் தரும் சத்தம். வொட் இரட்டிப்பாகும்போது சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 300பி வால்வு ஒன்று தனித்து இயங்கினால் ஏறக்குறைய 8 வொட் தரும். அதாவது 95 டெசிபல். ஈஎல்34 வால்வு இரண்டு சோடியாக இயங்கினால் 30 வொட்டுக்கு மேல் கிடைக்கும். அதாவது 101 டெசிபல். மாஸ்ரரின் விறாந்தையோ பெரியது. 8 வொட்டில் மெல்லிய பாட்டு இனிமையாகக் கேட்கும். தவிலும் நாதஸ்வரமும் ஏறும்போது சத்தம் உடைந்துவிடும். 300பி எடுப்பதானால் 95 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கர் வேண்டும்.

அடுத்தது மின்சாரம். நமது நாட்டில் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். சில வருடங்களுக்கு முன் பாவித்த ஜப்பான் அம்பிளிஃபயர் ஒன்றை விற்றேன். வோல்ட் அளவைச் சொல்ல மறந்துவிட்டேன். வாங்கியவர் நேரே பிளக்கில் சொருக, உள்ளே ட்ரான்ஸ்போமர் எரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தவறு என்னுடையது. அன்று தொடக்கம் பின்பக்க எழுத்தை வாசிக்காமல் எதையும் விற்பதில்லை.

மூன்றாவது, வாங்கிய பின் வரும் செலவு. வால்வு தேயும் பொருள். பாவனையைப் பொறுத்து, வலுவைத் தரும் வால்வுகளைச் சில ஆயிரம் மணித்தியாலங்களில் மாற்ற நேரும். இன்று இவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் பிரதானமாக ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில்தான் உள்ளன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதித் தடையால் விநியோகம் தடுமாறியதை இத்தொழிலில் உள்ளோர் அறிவர். ஆகவே உதிரி வால்வு இலகுவாகக் கிடைக்கும் ரகமே நல்லது. ஈஎல்34 அவ்வகை. 300பி விலையும் கூட. மின் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும்: 150 வொட் இழுக்கும் அம்பிளிஃபயர் தினமும் 3 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 13.5 யுனிட்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று வால்வின் கால்களிலும் சொக்கட்டிலும் கறள் பிடிக்கச் செய்யும். கரகரவென்ற சத்தம் வந்தால் வால்வுதான் பழுது என்று முடிவு கட்டக்கூடாது. முதலில் கால்களைத் துடைப்பிக்க வேண்டும். பெட்டியை வாடிக்கையாளர் தாமே திறக்கவும் கூடாது. உள்ளே 400 வோல்ட் வரை இருக்கும். சுவிட்சை நிறுத்திய பின்னும் கெப்பசிட்டரில் அது தங்கியிருந்து உயிரையே எடுக்கலாம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிய நிலையில் இயக்கவும் கூடாது, ட்ரான்ஸ்போமர் போய்விடும்.

இவ்வளவையும் சொல்லி, ஈஎல்34 போட்ட சாதாரண ரகம் ஒன்றைச் சிபாரிசு செய்தேன். பயஸ் அளவைத் தானே சரிசெய்து கொள்ளும் வகை. வால்வு மாற்றும் ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. மகன் அனுப்பிய பணத்தில் பாதி மிஞ்சியது.

"உங்களுக்கு நட்டமெல்லோ நானா?" என்றார் மாஸ்ரர்.

அந்த விற்பனையில் இலாபம் குறைவுதான். ஆனால் அடுத்த மாதமே அவர் சொல்லி இரண்டு பேர் என் கடை தேடி வந்தார்கள். இருவரும் கையோடு ஸ்பீக்கரின் டெசிபல் அளவை எழுதிக் கொண்டு வந்திருந்தார்கள்.