ஹறமுக்குப் போய் கடைத்தெருவில் தொலைவதா?

உம்றாவுக்கென்று வருடக்கணக்காகச் சீட்டுக் கட்டியும், இருந்த காப்பை விற்றும் பணம் சேர்க்கும் தாய்மார் நம்மில் அநேகர். அவ்வளவு பாடுபட்டுச் சென்றாலும் மக்காவிலும் மதீனாவிலும் தங்கக் கிடைப்பது சில நாட்களே. அந்த நாட்களைக் கடைத்தெருவும் வேடிக்கையும் பங்கு போட்டுக்கொள்ள விடலாமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். புனித பூமியில் வியாபாரம் குற்றமல்ல. உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகியவை ஜாஹிலிய்யாக் காலச் சந்தைகள். இஸ்லாம் வந்தபின், ஹஜ்ஜுக் காலத்தில் அங்கு வியாபாரம் செய்வது பாவமாகுமோ என ஸஹாபாக்கள் தயங்கினார்கள். அதில் குற்றமில்லை என்று ஸூறா அல்பகறாவின் 198ஆம் வசனம் இறங்கியது. இப்னு அப்பாஸ் (றழி) அவர்களின் இவ்விளக்கம் புகாரியில் உண்டு. ஆகவே வாங்குங்கள்; ஆனால் அறிந்து வாங்குங்கள்.

மதீனாவின் அஜ்வா பேரீச்சம்பழத்தின் சிறப்பு ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. அதனால் அதற்கு விலையும் அதிகம். கறுப்பாக இருப்பதெல்லாம் அஜ்வா என்று நினைத்து ஏமாறாதீர்கள். ஸபாவிப் பழமும் கறுப்புத்தான், அது நீண்டிருக்கும். அஜ்வா சற்று உருண்டு, தோலில் மெல்லிய வெண்கோடுகளுடன் இருக்கும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். கேட்டு, பார்த்து வாங்குவது வெட்கமான காரியமல்ல.

அடுத்தது வேடிக்கைகள். அறபாவில் ஜபலுர் றஹ்மா மலையடிவாரத்தில் வண்ணத் துணிகளால் அலங்கரித்த ஒட்டகங்கள் நிற்கும். ஏறிப் படம் எடுத்தால் காசு. ஆசைக்கு ஏறினால் ஏறுங்கள். அதை ஸியாரத்தின் ஓர் அமல் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அந்த மலைமீது ஏறுவதுகூட ஹஜ்ஜின் கடமையோ ஸுன்னத்தோ அல்ல. அறபா முழுவதும் தரிக்குமிடமே என்று நபி (ஸல்) அவர்களே கூறிவிட்டார்கள்.

மதீனாவுக்கு வெளியே வாதி அல்பைளா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. ‘ஜின் பள்ளத்தாக்கு’ என்று சாரதிமார் அழைத்துச் செல்வர். இயந்திரத்தை நிறுத்திய வாகனம் மேட்டில் தானாக ஏறுவதாகத் தோன்றும். உண்மையில் அது இறக்கம்தான். சுற்றியுள்ள மலைகள் அடிவானத்தை மறைப்பதால் கண் ஏமாறுகிறது. இத்தகைய வீதிகள் வேறு பல நாடுகளிலும் உள்ளன. ஜின்கள் இருப்பது நமது நம்பிக்கை. அவர்கள் வான் தள்ளுகிறார்கள் என்பது நமது நம்பிக்கையல்ல!

சிலர் பறக்கத்துக்கென்று மக்காவின் மண்ணையும் கல்லையும் முடிந்து வருகிறார்கள். ஹறம் எல்லையின் மண்ணை வெளியே கொண்டு செல்வது கூடாது என்பதே நமது ஷாபிஈ மத்ஹபின் சரியான கருத்து. ஸம்ஸம் தண்ணீரைக் கொண்டு வரலாம்.

இனி, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பயணம் சொல்ல வருபவரிடம் சாமான் பட்டியலைக் கொடுப்பது நாம்தான். “மாமிக்கு அபாயா, மதினிக்கு முஸல்லா, பிள்ளைகளுக்குத் தஸ்பீஹ்” என்று நீளும் பட்டியல் அந்தத் தாயைக் கடை கடையாக அலைய வைக்கிறது. வேறு நாடுகளில் செய்யப்பட்ட அதே முஸல்லாவும் தஸ்பீஹும் கொழும்பு புறக்கோட்டையிலும் கிடைக்கும். மஸ்ஜிதுல் ஹறாமில் தொழும் ஒரு தொழுகைக்கு, பிற பள்ளிகளின் ஓர் இலட்சம் தொழுகைகளைவிடச் சிறப்பு உண்டு. அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

அன்பளிப்புக் கொடுப்பது நல்ல பழக்கமே. எல்லா வீட்டுக்கும் ஒருபிடி பேரீச்சம்பழமும் ஒரு மிடறு ஸம்ஸமும் போதாதா? அடுத்த முறை உங்கள் குடும்பத்தில் ஒருவர் புறப்படும்போது, “எனக்கு ஒன்றும் வேண்டாம், என் பெயர் சொல்லி துஆச் செய்யுங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள். அவருடைய பெட்டியும் மனமும் இலேசாகும்.