இடுப்பும் நெம்புகோலும்

"இடுப்பு வலிக்கிறது" என்று தமிழில் சொன்னால் எந்த இடம் என்பது விளங்குவதில்லை. முதுகின் கீழ்ப்பகுதியும் இடுப்புதான். பெண்கள் குடம் வைக்கும் பக்கமும் இடுப்புதான். தொடை எலும்பின் தலை கிண்ணத்தில் பந்துபோல் பொருந்துகிற மூட்டும் இடுப்பு மூட்டுதான். இந்தச் சொற்குழப்பத்தால் என் தாயார் பல மாதங்கள் வீணே துன்புற்றார்.

அம்மாவுக்கு வயது 47. நடவும் களையெடுப்பும் அவர் தொழில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் விடுதிக் கட்டணம் அவர் சேற்றில் குனிந்து நின்ற நாட்களின் கூலி. வலப்பக்கம் வலி என்றதும் முதுகில் தைலம் தேய்த்தோம். "எலும்பு தேஞ்சு போச்சு" என்றார் அண்டை வீட்டுக்காரர். விடுமுறையில் சென்ற நானோ, படித்தவன் என்ற தோரணையில், "நீ வேலைக்குப் போகாதம்மா, படுத்திரு" என்று தீர்ப்பளித்தேன். ஒன்றரை மாதம் படுத்திருந்தார். கூலி நின்றது, வலி நிற்கவில்லை. இரவில் வலப்புறம் புரண்டால் விழித்துக்கொள்வார்.

பிறகுதான் அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, அழைத்துச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் முதலில் கேட்டது, "எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால தொட்டுக் காட்டுங்கம்மா" என்பதே. அம்மா தொட்டது முதுகை அன்று. தொடையின் மேற்புறம் வெளிப்பக்கமாகத் துருத்தி நிற்கும் எலும்பு மேட்டை. வலக்காலில் மட்டும் நிற்கச் சொன்னார். அரை நிமிடத்திற்குள் அதே இடத்தில் வலி எழுந்தது. மூட்டுத் தேய்மானமாயின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தோன்றும் என்றும், இது பிட்டத் தசையின் நாண் நைந்ததால் வந்தது என்றும் விளக்கினார். நாற்பதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதியாம்.

ஒற்றைக் காலில் நிற்பதில் என்ன பெரிய சுமை? இயற்பியல் மாணவனாகிய நான் அன்றிரவு தாளில் கணக்கிட்டேன். நண்பர்களே, நீங்களும் போட்டுப் பாருங்கள். இடுப்பு மூட்டே ஆதாரப்புள்ளி. அம்மாவின் எடை 54 கிலோ; ஊன்றிய காலின் எடையைக் கழித்தால் மூட்டின்மேல் இருப்பது 45 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. உட்புறம். இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிக்கும் பிட்டத் தசையோ சுமார் 5 செ.மீ. வெளிப்புறம். எனவே தசை 90 கிலோ அளவு இழுக்க வேண்டும். மூட்டின்மேல் மொத்தம் 135 கிலோ, உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு! நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் ஏறக்குறைய இதே கதைதான். பெர்லினில் செயற்கை மூட்டுக்குள் அளவுகருவி வைத்து நேரடியாக அளந்து 2001இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியே வந்தது.

இனிக் குடத்திற்கு வருவோம். அம்மா குடம் வைப்பது இடது இடுப்பில். 12 கிலோ நீர், வலது மூட்டிலிருந்து 30 செ.மீ. தொலைவு என்று கொண்டால், வலக்காலை ஊன்றும்போது தசைக்குக் கூடுதல் இழுப்பு 72 கிலோ! உடலைச் சாய்த்து ஓரளவு ஈடுசெய்கிறோம் என்றாலும், நோயுற்ற நாணுக்கு இது கொடுமையே. சரி, குடத்தை வலப்பக்கம் மாற்றலாமே என்று நான் மேதாவித்தனமாகக் கேட்டேன். இடுப்பைப் பக்கவாட்டில் தள்ளி நின்றால் நாண் எலும்பு மேட்டில் அழுந்தும், அதுவும் ஆகாது என்றார் அம்மையார். இரண்டு சிறு வாளிகள், கைக்கொன்றாக. அதுவே அவர் சொன்ன வழி. ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, கால்மேல் கால் போட்டு உட்காருவது, வலிக்கும் பக்கம் படுப்பது ஆகியவற்றையும் அதே காரணத்தால் தடுத்தார்.

ஆனால் ஓய்வு மருந்தன்று என்பதே எனக்குக் கிடைத்த பெரிய அடி. சுமையே இல்லாவிட்டால் நாண் மேலும் நலியுமாம். அளவாகச் சுமை ஏற்றித்தான் அதைத் தேற்ற வேண்டும். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குதல், இரு காலிலும் சமமாக ஊன்றி நாற்காலியிலிருந்து எழுதல், பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தல் என எளிய பயிற்சிகள்தாம். சிறு வலி பொறுக்கலாம். அன்றிரவு வலி கூடினால் மறுநாள் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

"ஒரு ஊசி போட்டா சரியாயிடாதா?" என்று அம்மா கேட்டார். இதற்கு 2018இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் விடை உண்டு. இதே வலியுள்ள 204 பேரை மூன்று குழுவாக்கினர். எட்டு வாரத்தில், நன்கு தேறியதாகச் சொன்னோர் அறிவுரையும் பயிற்சியும் பெற்ற குழுவில் நூற்றுக்கு 77, ஊசி பெற்ற குழுவில் 58, வெறுமனே காத்திருந்த குழுவில் 29. என் தீர்ப்பு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

விழுந்து அடிபட்டுக் கால் ஊன்ற முடியாதவர்களும், காய்ச்சலோடு வலி உள்ளவர்களும் பயிற்சியைத் தேடாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது வேறு கணக்கு.

முதல் மூன்று வாரம் அம்மாவுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. "தரையில படுத்துக் காலை ஆட்டுறதுக்கா கூலியை விட்டேன்?" என்று சலித்துக்கொண்டார். ஆறாம் வாரம் இரவு விழிப்பது நின்றது. பத்தாம் வாரம் அரை நாள் களையெடுப்புக்குப் போனார். இப்போது முழு நாள் போகிறார்; முழங்கால்களுக்கிடையே பழைய சேலையை மடித்து வைத்து இடப்புறமாக உறங்குகிறார். குடம் மட்டும் திண்ணையில் கவிழ்ந்து கிடக்கிறது.