செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா?

டாஷ்போர்டில் அந்த ஆரஞ்சு நிற எஞ்சின் படம் எரிந்தால், சிலர் பார்க்காததுபோல் மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். சிலர் கோட் என்னவென்று பார்த்து, நேராக உதிரிபாகக் கடைக்குப் போய்விடுவார்கள். என் பட்டறைக்கு வருபவர்களில் இந்த இரண்டாம் வகையினர்தான் வீணாகப் பணம் இழந்தவர்கள்.

கோட் படிக்கும் ஸ்கேனர் இப்போது மலிவாகவே கிடைக்கிறது. ஸ்டீயரிங்கிற்குக் கீழே இருக்கும் 16 முனை இணைப்பில் செருகினால், கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். உதாரணத்திற்கு பி0301. பி என்பது எஞ்சின், கியர் பகுதி. 0 என்றால் எல்லா நிறுவனத்திற்கும் பொதுவான கோட். 3 என்பது தீப்பொறி, எரிதல் சம்பந்தப்பட்டது. கடைசி 01, முதல் சிலிண்டர். அதாவது முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஏன் எரியவில்லை என்பது அதில் இருக்காது. பிளக், காயில், இன்ஜெக்டர், கம்பிரஷன் என்று எதுவாகவும் இருக்கலாம்.

சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் கார் என்றால், செலவில்லாத ஒரு சோதனை உண்டு. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள். மூன்றாவதில் இருந்ததை முதலாவதில் போடுங்கள். கோட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் கெட்டது. மறுபடியும் பி0301 வந்தால் காயில் வாங்க வேண்டாம். அடுத்தது பிளக்கை இப்படி மாற்றிப் பார்க்கலாம்.

பி0171 இன்னும் பலரை ஏமாற்றும். எரிபொருளுக்கு ஏற்ற அளவைவிடக் காற்று அதிகம் என்று பொருள். சமைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு அக்கா இந்தக் கோட்டோடு வந்தார். வேறொரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருந்தார்கள். மூன்றாம் நாளே விளக்கு திரும்ப எரிந்திருக்கிறது. "தம்பி, காடி இல்லேன்னா எனக்கு அன்னிக்கு வருமானமே இல்ல. இன்னும் எதைத்தான் மாத்தணும்?" என்றார்.

பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. சேதி கொண்டுவந்தவனை வேலையை விட்டு நீக்கியது போலத்தான் அது. ஸ்கேனரில் கோட்டை விட்டுவிட்டு, எஞ்சின் ஓடும்போது வரும் எண்களைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்றுகிறது என்று அதில் தெரியும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பத்துக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. இந்தக் காரில் சும்மா நிற்கும்போது 22. சுற்று 2500க்கு ஏறியதும் 5. நிற்கும்போது அதிகம், முடுக்கினால் குறைவு என்றால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. நேர்மாறாக முடுக்கும்போது ஏறினால், பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகப்பட வேண்டும்.

புகை விட்டுப் பார்த்ததில், எஞ்சினின் பின்பக்கம் பிசிவி ரப்பர் குழாயின் வளைவில் வெடிப்பு. நம் ஊர் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்தால் ரப்பர் எத்தனை வருஷம் தாங்கும்? குழாய்க்கு ஆன செலவைக் கேட்டதும் அக்கா சிரிக்கவில்லை, கோபப்பட்டார். நியாயம்தான். சென்சாருக்கு அதைப்போல் பல மடங்கு கொடுத்திருந்தார்.

விளக்கு நிலையாக எரிந்து, கார் வழக்கம்போல் ஓடினால், பதறாமல் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதை உருக்கிவிடும். காயிலோடு முடிய வேண்டிய செலவு ஆயிரக்கணக்கான வெள்ளியில் போய் நிற்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில் மின்னினாலும், வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பட்டறைக்கு வருமுன் கோட்டை அழித்துவிட்டு வருபவர்களும் உண்டு. பேட்டரி வயரைக் கழற்றினாலும் அதே கதைதான். பழுது வந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருப்பதும் கோட்டோடு சேர்ந்து போய்விடும். அழிப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்மனிடம் அதைக் காட்டி, "எதைச் சோதித்துப் பார்த்து இந்தப் பொருளை மாற்றச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.