சிந்தாமணியும் கற்றோர் பணிவும்

ஆணவமலத்தின் தொழில் மறைத்தல் என்பது சித்தாந்த நூல்கள் யாண்டுங் கூறுவது. அம்மறைப்புக் கல்லாதாரிடத்து மட்டும் நிகழ்வதன்று. கற்றாரிடத்துத் தாம் கற்ற அளவே கல்வியின் எல்லையெனத் தோற்றி நிற்பது அதனினும் நுண்ணிது. பழகாத நூலொன்று எதிர்ப்படுங்கால் அது வெளிப்படும். சீவகசிந்தாமணி மீண்டும் வழக்கிற்கு வந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாம்.

சைவர்க்கு அந்நூல் அயலானது மட்டுமன்று. ஒதுக்கத் தக்கதென எண்ணப்பட்டதுமாம். சோழ மன்னன் அதன்கண் ஈடுபட்டமை கண்டு சேக்கிழார் பெருமான் அஃது அமணர் நூலென இடித்துரைத்துத் தொண்டர் வரலாற்றின் பெருமையை உணர்த்தினர் எனத் திருத்தொண்டர் புராண வரலாறு கூறும். ஆகலின் பிற்காலத்துச் சைவப் புலவருள் அதனைப் பாடஞ் சொல்வார் அரியராயினர்.

உ. வே. சாமிநாதையரவர்கள் 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயினர். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பலவும் பயின்றவர். அவ்வாண்டே அந்நகரில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார் இந்நூற்பெயர்களையெல்லாங் கேட்டும் வியந்திலர். சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினவினர். இல்லையென்பதே விடை. எனினும், நூல் கிடைப்பிற் படித்துவிடலாம் என்னுந் துணிவு ஐயரவர்கட்கு அப்பொழுதும் இருந்தது. பிரதி கைக்கு வந்தபின் அத்துணிவு நிலைத்திலது. கதை புதிது, சொல் புதிது. சைன சமயக் குறியீடுகளோ எட்டுணையும் விளங்கவில்லை.

பரசமய நூலென்று மூடி வைத்திருக்கலாம்; தமக்குத் தெரிந்த நிகண்டைக்கொண்டு ஏதோவொரு பொருளை வலிந்து கூறியுமிருக்கலாம். இரண்டும் மானங் காக்கும் வழிகளே. அவர் இரண்டனையுங் கொள்ளாது அவ்வூர்ச் சைனர் இல்லத்தை நாடிச் சென்றனர். சென்ற அன்று ஆண்டுத் தோரணங் கட்டியிருந்தது. பன்னாட் படித்துக் கேட்டுவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதாம்! பொருள் விளங்காது புலவரொருவர் இடர்ப்பட்ட நூல், அதே ஊரில் இல்லறத்தார் கூடிக் கேட்கும் நூலாய் வாழ்ந்திருந்தது. கல்லூரி ஆசிரியர் அவர்கள்முன் மாணாக்கராயமர்ந்து தம் ஐயங்களை வினவித் தெளிந்தனர். சைவராகிய நச்சினார்க்கினியரும், முதலில் தாம் எழுதிய உரையைச் சைனர் ஒப்பாமையால், அவர்தம் நூல்களைக் கற்று மீண்டும் உரை வகுத்தனர் எனச் செவிவழிச் செய்தியொன்று வழங்குகின்றது.

இங்ஙனம் பிறர்பாற் சென்று கற்றல் சித்தாந்த உறுதிக்கு இழுக்காகுமோ எனின், ஆகாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் உலோகாயதம் முதலாகப் பதினான்கு மதங்களையும் முதற்கண் அவ்வவர் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுக்கின்றனர். நிகண்டவாதியும் ஆசீவகனும் அவருள் அடங்குவர். அம்மதங்களை அவர் கற்றது எத்துணை உழைப்போடென்பது அப்பகுதியை ஒருமுறை ஊன்றிப் படிப்பார்க்குப் புலனாம். பரபக்கத்தை விடுத்துச் சுபக்கத்தை மட்டும் ஓதி அமைவார் இதனைக் கருதுவாராக.

சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. பின்னர் மணிமேகலையை ஆராயப் புகுந்தபொழுது, பௌத்த நூற்பொருளுரைப்பார் தமிழ்ப் புலவருள் ஒருவரும் இலர். ஐயரவர்கள் கல்லூரியில் உடனிருந்த ரங்காசாரியரிடம் அச்சமயக் கருத்துக்களைக் கேட்டறிந்தனர். 1898-இல் மணிமேகலை அச்சேறியபொழுது புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்பவற்றைப் பற்றித் தாமே எழுதி அதனோடு சேர்த்தனர்.